செவலைப் பசு ஆட்டிய தூளி

ஒரு பசுமாடு ஆட்டினால் தூங்குகிற குழந்தை, பெற்ற தாய் ஆட்டினால் ஏன் தூங்குவதில்லை?

இதை என் கணவரிடம் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறேன். கோயிலில் கூட்டத்தின் நடுவே நின்று, உதடு அசையாமல் கேட்டிருக்கிறேன். கணவர் சிரித்தார். டாக்டரம்மா என் கேள்வி காதில் விழாதது போலக் குழந்தையின் கண்ணிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. இதைப் படிக்கிற பெண்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு சிராங்கூன் சாலையிலிருந்து கிளை பிரிந்து போகிற சந்து ஒன்றில் இருக்கிறது. வீட்டின் முன்வாசலில் நின்றால் ரிக்‌ஷாக்களும் தண்ணீர் வண்டிகளும் போவது தெரியும். பின்வாசலைத் திறந்தால் அப்போது வேறு ஓர் ஊர். ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு பலகை, அதைத் தாண்டினால் வரிசையாக மாட்டுக் கொட்டகைகள். இந்த வட்டாரத்துக்கே மலாய்க்காரர்கள் எருமைக் கொட்டில் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். எருமைகள் இப்போது குறைந்துவிட்டன. பால் மாடுகள் இருந்தன. விடியும்போது அந்தப் பக்கமிருந்து வருகிற புகையில் ஓலையும் தேங்காய் மட்டையும் சாணமும் கலந்த ஒரு வாசனை இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் பின்கதவை மூடியே வைத்திருந்தேன்.

நான் பினாங்கில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சுகாதாரப் பாடத்தில் எனக்கு எப்போதும் நல்ல பெயர். குழந்தை இருக்கும் அறை எப்படி இருக்க வேண்டும், கால்நடை கட்டும் இடம் வீட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்க வேண்டும், தரை எதனால் ஆனதாக இருக்க வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். என் கணவர் கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. அவருக்கு வெளுத்த கோட்டும் மடிப்புக் கலையாத வேட்டியும் தயார் செய்து கொடுப்பதும், வீட்டைத் துடைத்து வைப்பதும், புத்தகத்தில் உள்ளபடி குழந்தையை வளர்ப்பதும் என் கடமை என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைப்பது சரியா என்றும் நினைக்கிறேன்.

என் மகள் பிறந்ததிலிருந்தே தூங்காத குழந்தை. கண்ணை மூடுவாள். நான் மூச்சு விடுவதற்குள் திறந்துவிடுவாள். தூளியில் போட்டு ஆட்டினால் கயிற்றைப் பிடித்திருக்கும் என் கையையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். வேகமாக ஆட்டிப் பார்த்தேன். பாடினேன். பாடாமல் இருந்தேன். சன்னலை மூடினேன், பிறகு காற்று இல்லையே என்று திறந்தேன், பிறகு காற்று அதிகமோ என்று பாதி மூடினேன். தூக்கமில்லாததால் பால் குடிக்கும்போதே அழுவாள். குடித்ததைக் கக்குவாள். கால்கள் மெலிந்து, தொடையில் தோல் மடிந்து தொங்க ஆரம்பித்தது.

டாக்டரம்மா எடை பார்த்தபோது முகத்தைச் சுளித்தார். "பிள்ளைக்கு வியாதி ஒண்ணும் இல்ல. ஆனா தூங்கணும். தூங்கினாத்தான் குடிக்கிற பால் உடம்புல ஒட்டும். இப்படியே போனா நல்லதில்ல."

"நல்லதில்லன்னா எப்படிம்மா?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

ஒரு நாள் தேக்கா பக்கம் கடைக்குப் போய்விட்டுக் குழந்தையோடு திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழை யோசிக்க நேரம் கொடுப்பதில்லை. முன்சந்தில் தண்ணீர் முழங்கால் வரை ஏறிவிட்டது. சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தேன். கால்வாய் மேலிருந்த பலகையும் தண்ணீரில் மூழ்கிவிட்டிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதாள். அப்போதுதான் கொட்டகையிலிருந்து ஒரு குரல்.

"ஏந் தங்கச்சி, பச்சப் புள்ளையை வச்சுக்கிட்டு அங்க நின்னு என்ன வேடிக்கை பாக்குற? உள்ள வா. மாடு உன்னைத் தின்னுடாது."

பால்காரரின் மனைவி. தினமும் காலையில் அவள் புருஷன்தான் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டு வருவார். அவளை நான் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. உடம்பு பெருத்தவள், சிரித்தால் கொட்டகை முழுவதும் கேட்கும்.

உள்ளே போனேன். கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை தாழ்வாக இறங்கியிருந்தது. ஓலை இடுக்குகளில் வெளிச்சம் ஊசி ஊசியாக நின்றது. பாக்காவ் மரத் தூண்கள் மண்ணில் நட்டபடி இரண்டு வரிசை. தூண்களின் தலைமேல் நீளமாக ஒரு விட்டம், பிரம்பால் கட்டியது. ஒவ்வொரு தூணிலும் ஒரு மாடு. கொட்டகையின் கோடியில், மாடுகளின் தலைக்கு மேலே ஒரு பலகைப் பரண், அதில்தான் அவர்கள் குடும்பமே படுத்துக்கொள்ளும். மாட்டுத் தீனிக்காக அன்னாசி ஆலையிலிருந்து வந்த தோல் ஒரு மூலையில் குவிந்து கிடந்து புளித்த இனிப்பாய் மணத்தது. மழை கூரைக்கு வெளியே வெகுதூரத்தில் பெய்வது போலக் கேட்டது.

அவள் பரணிலிருந்து ஒரு பழைய சேலையை உருவினாள். நான் வாய் திறப்பதற்குள் அதை விட்டத்தில் வீசி, முடிச்சுப் போட்டு, என் கையிலிருந்து குழந்தையைப் பறித்து உள்ளே போட்டுவிட்டாள்.

"அக்கா, இங்கயா? ஈ இருக்கே," என்றேன்.

"ஈ உன் வீட்டுல இல்லையா? என் புள்ளைங்க எல்லாம் இந்த விட்டத்துல தொங்கினதுதான். இப்ப ஒவ்வொண்ணும் மாடு மாதிரி இருக்கு."

குழந்தை அழுதுகொண்டேயிருந்தாள். தூளிக்குப் பக்கத்துத் தூணில் செவலைப் பசு ஒன்று கட்டியிருந்தது. அது அசை போட்டபடி எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அக்கறையில்லாமல் தலையைத் திருப்பி, கழுத்தைத் தூணில் வைத்து மேலும் கீழுமாக உரசியது. ஈர மண்ணில் தூண் ஒரு விரல் அளவு சாய்ந்தது. தூண் சாய, மேலே விட்டம் முனகியது. விட்டம் நகர, தூளி ஆடியது.

ஓர் ஆட்டம். பிறகு ஒன்றுமில்லை. பசு அசை போட்டது. பிறகு இரண்டு ஆட்டம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெரிய ஆட்டம், கொம்பு அரித்திருக்க வேண்டும்.

என் மகள் அழுகையை நிறுத்தினாள். நான் துணியை விலக்கிப் பார்த்தபோது வாய் திறந்து, கை விரித்து, எனக்குத் தெரியாத ஒரு குழந்தையைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மழை விட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. கால்வாய்த் தண்ணீர் வடிந்தது, பலகை வெளியே வந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. நான் வைக்கோல் மூட்டைமேல் உட்கார்ந்து அந்த ஊசி வெளிச்சங்கள் மாட்டு முதுகுகளின் மேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் தோள்கள் இறங்கியதை உணர்ந்தேன். உடனே, இவ்வளவு நேரம் தூங்குகிறாளே, மயக்கமாக இருக்குமோ என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் பலகையைத் தாண்டினேன்.

இதைக் கணவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. நாளைக்குச் சொல்லலாம், எடை ஏறிய பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். கொட்டகைக்குப் போவதற்கு முன் குழந்தைக்கு வேப்பெண்ணெய் தடவுவேன், ஈ அண்டாமலிருக்க. தூளித் துணியை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். பால்காரரின் மனைவி எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். "டீச்சரம்மா வர்றாங்க, எல்லாரும் வாலைச் சுருட்டி வச்சுக்குங்க," என்று மாடுகளிடம் சொல்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் பயம். நாங்கள் போன பிறகும் பசு தூணில் உரசும், வெறும் தூளி ஆடும். வெறும் தூளி ஆடினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பது நம்மவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. என் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அது இல்லை. ஆனால் எனக்கும் பயம்தான். தினமும் தூளியை அவிழ்த்துவிடலாமே என்றேன். "மறுபடி மறுபடி முடிச்சுப் போட எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். பெயர் வைக்கும் நாளில் தொட்டிலில் அம்மிக் குழவியை இடுவோமே, அதைப் போல நாங்கள் கிளம்பியதும் அவள் தன் அம்மிக் குழவியை எடுத்துத் தூளியில் போட்டுத் துணியால் மூடிவிடுவாள். தூளி காலியாக இல்லை, அதனால் ஆடலாம். செவலைப் பசு சாயங்காலம் வரை ஒரு கல்லைத் தாலாட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் குழவியால்தான் என் கணவருக்கு விஷயம் தெரிந்தது. அல்லது விஷயம் தெரிந்ததால் அந்தக் குழவி அவர் கைக்குப் போனது.

யாரோ அவரிடம், "கிராணி வீட்டுப் பிள்ளை மாட்டுக் கொட்டகையில வளருதாமே," என்று சொல்லிவிட்டார்கள். அவர் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, கோட்டும் தொப்பியுமாக நேராகக் கொட்டகைக்கு வந்திருக்கிறார். அன்று நான் சீக்கிரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு அது தெரியாது. வெயிலிலிருந்து வந்தவருக்கு உள்ளே இருட்டு. தூளி புடைத்துத் தெரிகிறது, மெல்ல ஆடுகிறது. பக்கத்தில் மாடு. இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தன் மகளைத் தூக்கினார்.

பால்காரரின் மனைவி அதை எனக்கு நடித்தே காட்டினாள். "தூக்கினாரு பாரு! அப்படியே குனிஞ்சுட்டாரு! நான் சொன்னேன், ஐயா, உங்க மவளுக்கு நல்ல கனம், எங்க பால் அப்படி! மனுசன் குழவியைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. அதை மார்ல சாச்சுக்கிட்டு நிக்கிறாரு, கீழ வைக்கவும் தெரியல."

வீட்டுக்கு வந்தவர் கோட்டில் சாம்பல் நிறமாகக் கல்லின் தடம். நான் அழத் தயாராக நின்றேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." கோட்டைக் கழற்றித் தடத்தைத் தட்டினார். "தூங்குறாளா?"

"தூங்குறா."

"எவ்வளவு நேரம்?"

"நீங்களே வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மூக்கைத் துணியால் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தார். குழந்தையைத் தூளியில் போட்டேன். செவலை அவரைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தது. பிறகு கழுத்தை உரசியது. விட்டம் முனகியது. ஓர் ஆட்டம், ஒன்றுமில்லை, இரண்டு ஆட்டம். நான் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூங்கிய பிறகு, பார்த்தீர்களா என்று கேட்கத் திரும்பினேன். அவர் வைக்கோல் மூட்டையில் சாய்ந்து, மூக்குத் துணி கழுத்தில் விழ, தூங்கிக்கொண்டிருந்தார். கூரையின் ஊசி வெளிச்சம் ஒன்று அவர் மீசையில் நின்றது. மாடுகள் அசை போடும் சத்தம், வாலால் ஈ ஓட்டும் சத்தம், எங்கோ ஒரு பாத்திரத்தில் பால் இறங்கும் சத்தம். அந்த மத்தியானம் முடியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போதும் சில சமயம் தோன்றும்.

மகளின் தொடையில் மடிப்பு மறைந்தது. டாக்டரம்மா எடை பார்த்துத் தலையை ஆட்டினார். எங்கே தூங்குகிறாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் அப்போது சொல்லவில்லை.

பிறகு முனிசிபாலிட்டியிலிருந்து உத்தரவு வந்தது. ஊருக்குள் மரக் கொட்டகைகள் கூடாது. மாடு கட்டும் இடத்துக்குச் செங்கல் சுவர் வேண்டும், சிமெண்டுத் தரை வேண்டும், கழிவுநீர் ஓடக் கால்வாய் வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரரான சீன முதலாளி, தவுக்கே, சிராங்கூன் சாலையில் வெகுதூரம் தள்ளி, தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் புதுக் கொட்டகை கட்டினார். மாடுகள் எல்லாம் அங்கே போக வேண்டும்.

"மாட்டுக்கு பங்களா கட்டுறாங்களாம்," என்றார் பால்காரர். அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று குரலில் தெரியவில்லை. "எங்களுக்கும் தனியா ரூம் உண்டாம். இனிமே மாட்டுக்கு மேல படுக்க வேண்டாம்."

"எனக்குத் தூக்கம் வராது," என்றாள் அவர் மனைவி. "கீழ மூச்சுவிடுற சத்தம் வேணும்."

"நான் விடுறது போதாதா?"

"அதனாலதான் தூக்கம் வராதுன்னு சொல்றேன்."

அந்த உத்தரவை நான் குறை சொல்லமாட்டேன். என் சுகாதாரப் பாடம் சொன்னதும் அதேதான். நானே பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியதுதான். பள்ளியில் படித்தபோது அப்படி ஒரு கொட்டகையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தேன். ரிக்‌ஷா வைத்துக்கொண்டு, குழந்தையையும் வெந்நீரில் நனைத்துக் காயவைத்த தூளியையும் எடுத்துக்கொண்டு போனேன். சுண்ணாம்பு அடித்த சுவர், உயரமான சன்னல்கள், மாடுகளுக்கிடையே இரும்புக் குழாய்கள். தரையில் தண்ணீர் விட்டால் ஒரு துளி நிற்காமல் ஓடியது. ஈ ரொம்பக் குறைவு. படத்தில் வரைந்தது போலவே இருந்தது.

செவலையைக் கட்டியிருந்த இரும்புக் குழாய்க்கு மேலே ஒரு குறுக்குக் கம்பி ஓடியது. தூளியை அதில் கட்டினோம். மகளைப் போட்டேன். அவள் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி அழ ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பொறு தங்கச்சி. அது உரசும்," என்றாள் பால்காரரின் மனைவி.

உரசியது. கழுத்தை இரும்பில் வைத்து மேலும் கீழும் உரசியது. குழாய் அசையவில்லை. கம்பி அசையவில்லை. தூளி சுவரில் மாட்டிய பை போலத் தொங்கியது. பசு ஒரு தரம் நிறுத்தி, தன் கழுத்துக்கு என்ன ஆயிற்று என்பது போலத் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி உரசியது. பிறகு விட்டுவிட்டது.

நான் கையால் ஆட்டினேன். பசு ஆட்டியது போலவே ஆட்டினேன். ஓர் ஆட்டம், இடைவெளி, இரண்டு ஆட்டம், பெரிய இடைவெளி. எனக்கு அது பாடமாகவே ஆகியிருந்தது. மகள் துணி இடுக்கில் என் கையைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே அழுதாள். திரும்பும் வழியெல்லாம் அழுதாள். அந்த வாரமே பழையபடி கக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் என்னென்ன செய்து பார்த்தேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். தேங்காய் மட்டையைப் புகைய வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் நெருப்பு என்று ஓடி வந்தார். அன்னாசித் தோலைப் புளிக்க வைத்தேன், எறும்பு வந்தது. பால்காரரிடம் கேட்டு ஒரு பழைய கழுத்து மணியை வாங்கித் தூளிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். மகள் மணியோடு விளையாடினாள். இன்னும் விழித்துக்கொண்டாள்.

பழைய கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்று சத்தம் கேட்டுப் பின்கதவைத் திறந்தேன். கூரை இறங்கிவிட்டது. அத்தனை நாள் ஊசியாக விழுந்த வெளிச்சம் மொத்தமாகக் கொட்டிக் கிடந்தது. அந்த இடம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. தூண்களைப் பிடுங்கி விறகுக்காக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் கால்கள் பலகையைத் தாண்டிவிட்டன. பால்காரர் அங்கே நின்றிருந்தார்.

"அண்ணே, செவலை நின்ன தூண் எது?"

"அதோ, வழவழன்னு இருக்கே அது. ஏம்மா, அடுப்புக்கா? அது பிளக்காது, இரும்பு மாதிரி."

"அடுப்புக்கு இல்ல," என்றேன். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் என் கணவரும் பால்காரருமாக அதைத் தூக்கிக்கொண்டு கால்வாயைத் தாண்டினார்கள். தூணின் நடுவில், எத்தனையோ மாடுகளின் கழுத்து உரசி உரசி, ஒரு பள்ளம். அதில் கை வைத்தால் கண்ணாடி போலக் குளிர்ந்தது. சிராயில் செந்நிற மயிர் ஒட்டியிருந்தது. நான் அதை வெந்நீர் ஊற்றி, சவுக்காரம் போட்டுக் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதே, இந்த அழுக்கில்தான் விஷயம் இருந்ததோ என்று கை நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் கூரையில்லாத ஒரு சின்ன முற்றம், அங்கே மட்டும் மண் தரை. என் கணவர் அங்கே குழி தோண்டித் தூணை நட்டார். சுவரிலிருந்து தூணுக்கு ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டுப் பிரம்பால் கட்டினார். தூளியை மாட்டினோம். மகளைப் போட்டோம். இருவரும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாடு இல்லை.

அவர் வேலையிலிருந்து வந்த களைப்பில் இருந்தார். நாள் முழுக்க நாற்காலியில் குனிந்து எழுதி அவருக்கு முதுகு வலி. ஒரு முக்காலியைத் தூணுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முதுகைத் தூணில் சாய்த்து, பத்திரிகையைப் பிரித்தார். படித்துக்கொண்டே முதுகு வலித்த இடத்தை அந்தப் பள்ளத்தில் வைத்துத் தேய்த்தார். மூங்கில் முனகியது. தூளி ஆடியது. நின்றது. அவர் பக்கத்தைத் திருப்பினார். ஆடியது.

மகள் தூங்கிவிட்டாள்.

"தூங்கிட்டா!" என்றேன்.

"நானா?" என்று நிமிர்ந்தவர், சந்தோஷத்தில், இன்னும் நன்றாகத் தூங்கட்டும் என்று தூணைப் பிடித்து வேண்டுமென்றே ஆட்டினார். அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான் போகிறது. பத்திரிகை சுவாரசியமாக இருந்தால் அவள் நன்றாகத் தூங்குகிறாள். அவர் தூளியை எட்டிப் பார்த்தால் எழுந்துவிடுகிறாள். ஆகவே அவர் எட்டிப் பார்ப்பதில்லை. பகலில் நான் முயற்சி செய்கிறேன். அதே முக்காலி, அதே தூண், அதே பள்ளம். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சாய்ந்து பார்த்தேன். தைத்துக்கொண்டே சாய்ந்து பார்த்தேன். படித்தேன், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு தடவைகூட அவள் தூங்கவில்லை.

இப்போது கம்பெனி என் கணவரைக் கிள்ளானுக்கு அனுப்புகிறது. அங்கே கிராணி ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார், அவர் எழுந்து வரும்வரை சில மாதம் இவர்தான் பார்க்க வேண்டும். அடுத்த கப்பலில் கிளம்புகிறார். எங்களையும் கூட்டிப் போக முடியாது. அவர் போய்விட்டால் அந்தத் தூணில் சாய ஆள் கிடையாது. மகளின் தொடையை நான் இப்போதே தினமும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

புதுக் கொட்டகையிலிருந்து பால்காரரின் மனைவி ஒரு நாள் வண்டியில் வந்தாள். அவளுக்கும் அங்கே தூக்கம் இல்லையாம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என் கவலையை எல்லாம் அவளிடம் கொட்டினேன். மாடு என்ன செய்தது, இவர் என்ன செய்கிறார், நான் எதில் தவறுகிறேன் என்று கேட்டேன்.

அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தூணைச் சுற்றி வந்தாள். "இதைக் கழுவினியா?" என்றாள். நான் தலையைக் குனிந்தேன். அவள் கொட்டகைச் சிரிப்புச் சிரித்தாள். "மாட்டுக்குக் கழுத்துல உண்ணி, டீச்சரம்மா. உன் வீட்டுக்காரருக்கு முதுகு வலி. உரசினாங்க. உனக்கு என்ன இருக்கு?"

எனக்கு இருப்பது குழந்தைதான். முக்காலியில் உட்கார்ந்தாலும், அரிசி பொறுக்கினாலும், கண்ணை இறுக மூடினாலும் நான் தூளிக்குள்தான் இருக்கிறேன். அது மகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது போலும். அல்லது இதெல்லாம் என் கற்பனையோ. அவருடைய கனத்துக்குத்தான் தூண் சரியாக அசைகிறதோ. அப்படியானால் மடியில் அம்மிக் குழவியை வைத்துக்கொண்டு சாய்ந்தால் போதுமோ. அதையும் நேற்றுச் செய்து பார்த்தேன். மகள் எழுந்து உட்கார்ந்து குழவியைப் பார்த்துச் சிரித்தாள்.

இதைப் படிக்கிற சகோதரிகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே, பிள்ளையின் ஞாபகம் சிறிது நேரம் மனதை விட்டுப் போகிற மாதிரி ஏதாவது ஒரு வேலை உங்களுக்குத் தெரியுமா? முக்காலியில் உட்கார்ந்து, தூணில் முதுகைச் சாய்த்துச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். என்ன வேலையானாலும் சரி, நான் கற்றுக்கொள்வேன். கற்றுக்கொள்வதில் எனக்கு எப்போதும் நல்ல பெயர்தான். அவர் கப்பல் ஏறுவதற்குள் எழுதுங்கள்.